இணைப்பு அறுந்தால் எங்கே தேடுவது?

(கனடாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடத்தப்பட்ட கணினிப் பட்டறையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

விடுமுறை நாளின் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்கி வந்திருக்கும் பெற்றோருக்கும், அவர்களுடன் வந்திருக்கும் இளையோருக்கும் முதற்கண் எனது நன்றி. நான் பொறியியல் பயின்றவன். இருபது ஆண்டுகளாகக் கணினி வலையமைப்புத் துறையில் பணியாற்றி வருபவன். ஆயினும் பெரிய நிறுவனங்களின் வலையமைப்புகளைப் பற்றிப் பேச இன்று நான் வரவில்லை. எமது வீட்டுக் கணினியில் "இணைய இணைப்பு இல்லை" என்ற செய்தி தோன்றும்போது என்ன செய்யவேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

இது ஒரு சிறிய விடயம் போலத் தோன்றலாம். ஆனால் எமது இல்லங்களில் இன்று இணையத்தின் வழியே நடப்பவற்றை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளின் பாடசாலை வேலை, வங்கிக் கணக்கு, மருத்துவச் சந்திப்புகள், ஊரில் இருக்கும் உறவுகளுடனான உரையாடல் என யாவும் அந்த ஒரு கம்பியின் வழியேதான் செல்கின்றன. பல வீடுகளில் வீட்டுத் தொலைபேசிகூட இணையத்தின் வழியே இயங்குகின்றது. அவ்வாறான வீட்டில் மோடம் நின்றால் தொலைபேசியும் நின்றுவிடும். பகல்வேளையில் தனியே இருக்கும் அம்மம்மா ஓர் அவசரத்துக்கு 911 என்ற எண்ணை அழைக்க விரும்பினால், அந்தத் தொலைபேசியில் ஒலியே இராது. இதனைப் பல குடும்பங்கள் அறிந்திருக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எமது வீடுகள் பலவற்றில் இந்த அறிவு ஒரேயொருவரிடம் மட்டுமே இருக்கின்றது. பெரும்பாலும் அது மூத்த பிள்ளை. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகத்துக்கென வேறு நகரம் சென்றவுடன், வீட்டில் எவருக்கும் எதனைத் தொடுவது என்று தெரிவதில்லை. ஆகவே, பிழையைத் தேடும் முறையை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்கவேண்டும் என்பதே நான் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து.

இணைப்பு என்பது ஒரு சங்கிலி

ஊருக்கு நாம் எழுதிய கடிதங்களை நினைவுகூருங்கள். தெருமுனைத் தபால் பெட்டி, தபால் நிலையம், விமானம், கொழும்பு, அங்கிருந்து ஊர்த் தபாற்கந்தோர், இறுதியில் தபாற்காரர் என்று எத்தனை கைகள் மாறி அது சென்றது! கடிதம் போய்ச் சேரவில்லையெனில் எந்தக் கையில் தங்கியது என்றுதான் நாம் விசாரிப்போம்.

இணையமும் அவ்வாறானதே. முதற் கண்ணி உங்கள் கணினி. இரண்டாவது, கணினிக்கும் ரவுட்டருக்கும் இடையிலுள்ள கேபிள் அல்லது வைஃபை. மூன்றாவது ரவுட்டர். நான்காவது மோடம், பல வீடுகளில் இவ்விரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஐந்தாவது, சேவை வழங்குநரின் வலையமைப்பு. ஆறாவது, இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ். என்னும் பெயர்ப் பதிவேடு. ஏழாவது, நீங்கள் நாடிச் செல்லும் தளத்தின் வழங்கிக் கணினி.

இவற்றுள் எந்தக் கண்ணி அறுந்தாலும் நாம் சொல்வது ஒன்றுதான்: "இன்ரநெற் வேலை செய்யவில்லை." ஆனால் ஏழு இடங்களுக்கும் ஏழு விதமான திருத்தங்கள் உள்ளன. எனவே இரண்டு விதிகளை மனத்தில் இருத்துங்கள். அருகிலிருந்து தொலைவு நோக்கித் தேடுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்தபின் இணைப்பு மீண்டால், எதனால் மீண்டது என்று தெரியாது. மீளாவிட்டால், பழைய பிழையுடன் புதிய பிழைகளும் சேர்ந்துவிடும்.

முதலில் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

எதனையும் தொடுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள்.

முதலாவது: இந்த ஒரு கணினியில் மட்டுமா, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளிலுமா? கைத்தொலைபேசியில் பார்க்கும்போது அதன் கைத்தொலைபேசி இணையத்தை நிறுத்திவிட்டு, வைஃபை வழியே மட்டும் பாருங்கள். இல்லையேல் விடை தவறாகிவிடும். தொலைபேசியில் வேலை செய்து கணினியில் வேலை செய்யாவிடின் பிழை கணினியில் உள்ளது. எதிலுமே வேலை செய்யாவிடின் ரவுட்டர், மோடம் அல்லது அவற்றுக்கு அப்பால் உள்ளது.

இரண்டாவது: ஒரு தளம் மட்டுமா, எல்லாத் தளங்களுமா? ஒன்று மட்டும் திறக்காவிடின் உங்கள் வீட்டில் பழுது இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு.

மூன்றாவது: இறுதியாக எது மாறியது? புதிய நச்சுநிரல் தடுப்பு மென்பொருளா, நிறுத்த மறந்த வி.பி.என். செயலியா, தளபாடத்தை நகர்த்தும்போது கழன்ற கேபிளா? மடிக்கணினியின் விசைப்பலகையில் விமானக் குறியிட்ட விசையைத் தவறுதலாக அழுத்தினாலும் வைஃபை முழுவதும் நின்றுவிடும்.

இம்மூன்று விடைகளே தேடவேண்டிய பரப்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும்.

விளக்குகளும் கேபிள்களும்

எல்லாக் கருவிகளிலும் இணைப்பு இல்லையெனில், மோடத்தின் முன் சென்று அதன் விளக்குகளைப் பாருங்கள். மின்சார விளக்கு எரிகின்றதா? இணைய விளக்கு நிலையாக எரிகின்றதா, விட்டுவிட்டு மின்னுகின்றதா, சிவப்பாக உள்ளதா? இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில் அவ்விளக்குகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால், பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. அடுத்து, ஒவ்வொரு கேபிளையும் கழற்றி மீண்டும் இறுகச் செருகுங்கள்.

அதன்பின் மோடத்தையும் ரவுட்டரையும் மின்சாரத்திலிருந்து கழற்றி அரை நிமிடமாவது பொறுத்திருங்கள். முதலில் மோடத்தை இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெற்ற பின்னரே ரவுட்டரை இயக்குங்கள். இது மூடநம்பிக்கை அன்று. பல மாதங்கள் தொடர்ந்து இயங்கும் இப்பெட்டிகளும் சிறு கணினிகளே. நினைவகத்தில் சிக்கலுற்றவை இதனால் துடைக்கப்படுகின்றன. சேவை வழங்குநரிடமிருந்து முகவரியும் புதிதாகப் பெறப்படுகின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ரவுட்டரின் பின்புறத்தில் ஊசியால் மட்டுமே அழுத்தக்கூடிய ஒரு சிறு துளை இருக்கும். அது மறுதொடக்கம் செய்வதற்கானது அன்று. அதனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், வைஃபை பெயரும் கடவுச்சொல்லும் நீங்கள் செய்த அமைப்புகளும் அழிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அது திரும்பிவிடும். அந்தத் துளையை இறுதிவரை தொடாதீர்கள்.

உங்கள் கணினிக்கு முகவரி கிடைத்ததா?

இளையோர் இப்பகுதியைக் கூர்ந்து கவனிக்கவேண்டும். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கணினிக்கும் ரவுட்டர் ஓர் எண் முகவரியை வழங்குகின்றது. இதனையே ஐ.பி. முகவரி என்கின்றோம். விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, 'ஐபிகான்ஃபிக்' என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்தால் அம்முகவரி தெரியும். அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், பெரும்பாலும் ரவுட்டர் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.

அது 169.254 என்று தொடங்கினால், கணினி ரவுட்டரிடம் முகவரி கேட்டது, பதில் வரவில்லை, ஆகவே தானாகவே ஒரு தற்காலிக முகவரியைச் சூடிக்கொண்டது என்று பொருள். அந்த முகவரியுடன் இணையத்துக்குச் செல்ல இயலாது. அந்நிலையில் உலாவியை மாற்றுவதாலோ இணையத்தளத்தைக் குறைகூறுவதாலோ பயனில்லை. வைஃபை இணைப்பைக் கணினியிலிருந்து நீக்கி, கடவுச்சொல்லைச் சரியாக இட்டு மீண்டும் இணைத்துப் பாருங்கள். கேபிள் வழியாகவும் ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

பிங் என்னும் எளிய கருவி

1983ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்க இராணுவ ஆய்வுகூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர் ஒரு சிறிய நிரலை எழுதினார். நீர்மூழ்கிகள் ஒலியை அனுப்பி, அது எதிரொலித்து வருவதைக்கொண்டு தூரத்தை அறிவது போல, ஒரு கணினிக்குச் சிறு பொதியொன்றை அனுப்பி அது திரும்பி வருகின்றதா என்று பார்ப்பதே அதன் வேலை. அந்த ஒலியின் பெயரான 'பிங்' என்பதையே அவர் அதற்குச் சூட்டினார். நாற்பது ஆண்டுகள் கடந்தும் என் போன்றோர் அன்றாடம் பயன்படுத்தும் கருவி அதுவே.

அதே கட்டளைச் சாளரத்தில் 'பிங்' என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி விட்டு முகவரியை எழுதுங்கள். மூன்று படிகளாகச் சோதியுங்கள். முதலில் ரவுட்டரின் முகவரி. முன்பு பார்த்த அதே விவரத்தில் 'கேற்வே' என்ற வரியில் அது இருக்கும். பதில் வந்தால் வீட்டுக்குள் இணைப்புச் சரி. அடுத்து 8.8.8.8 என்ற முகவரி. இது கூகுள் நிறுவனம் 2009இல் தொடங்கிய பொது டி.என்.எஸ். சேவையினுடையது. பதில் வந்தால் வெளியுலகத்துக்கும் வழி திறந்திருக்கின்றது. மூன்றாவதாக, நீங்கள் அறிந்த ஓர் இணையத்தளத்தின் பெயர்.

எண்ணுக்குப் பதில் வந்து, பெயரைக் கண்டறிய முடியவில்லை என்று கணினி சொன்னால், பழுது டி.என்.எஸ். என்ற ஆறாவது கண்ணியில் உள்ளது. பாதை இருக்கின்றது, பெயர்ப் பதிவேடுதான் கிடைக்கவில்லை. வலையமைப்பு அமைப்புகளில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்பதை இட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில தளங்கள் பிங்குக்குப் பதில் தராதவாறு அமைக்கப்பட்டுள்ளன என்பதையும் மறவாதீர்கள். ஒரு தளத்தின் மௌனத்தை மட்டும் வைத்து முடிவு செய்தல் ஆகாது.

திரையில் உள்ள செய்தியை வாசியுங்கள்

எம்மவர் பலர் பிழைச் செய்தி தோன்றியவுடன் அதனை வாசியாமலே மூடிவிடுகின்றனர். அந்தச் செய்தியில்தான் விடையின் பாதி இருக்கின்றது.

404 என்ற எண் தோன்றினால் உங்கள் இணைப்பில் குறையில்லை. அத்தளம் வரை சென்றுவிட்டீர்கள். கேட்ட பக்கம் அங்கு இல்லை, அவ்வளவே. 500, 502, 503 என்பன அத்தளத்தின் வழங்கியில் ஏற்பட்ட இடர்களைக் குறிப்பன, பொறுத்திருப்பதே மருந்து. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று ஒரே வேளையில் பல தளங்களிலும் எச்சரிக்கை வந்தால், முதலில் கணினியின் திகதியைப் பாருங்கள். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்தங்கி இருந்தால், நல்ல சான்றிதழும் அதன் கண்ணுக்குச் செல்லாததாகவே தெரியும். பழைய மேசைக் கணினிகளில் கடிகாரத்தை இயக்கும் நாணய வடிவ மின்கலம் தீர்ந்துபோவதால் இது நேர்வதுண்டு. ஆனால் திகதி சரியாக இருந்தும், உங்கள் வங்கியின் தளத்தில் மட்டும் அவ்வெச்சரிக்கை வந்தால், அதனைத் தாண்டிச் செல்லாதீர்கள்.

நிலக்கீழ் அறையும் வைஃபையும்

எமது வீடுகள் பலவற்றில் மோடம் நிலக்கீழ் அறையின் ஒரு மூலையில், வெப்பமூட்டும் கருவிக்கு அருகே வைக்கப்பட்டிருக்கின்றது. மேல்மாடியில் படிக்கும் பிள்ளைக்கு இணைப்பு விட்டுவிட்டு வந்தால் அதில் வியப்பில்லை. உலோகக் காற்றுக் குழாய்களும் கொங்கிரீட்டும் வைஃபை அலைகளைத் தடுக்கின்றன. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை தொலைவு செல்லும், வேகம் குறைவு. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டுவதில் வலிமை குறைந்தது. நுண்ணலை அடுப்பும் 2.4 கிகாஹேர்ட்ஸ் அளவிலேயே இயங்குவதால், சமையலறையில் அது சுழலும்போது அருகிலுள்ள கணினியின் இணைப்புத் தளர்வதுண்டு. பணம் செலவழித்துப் புதிய கருவி வாங்குமுன், ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு, உயரமான இடத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

பழுது எமது வீட்டில் இல்லாதபோது

சில வேளைகளில் எமது வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் இணைப்புக் கிடைக்காது. 2022ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று ரொஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்புக் கனடா முழுவதும் செயலிழந்தது. மைய வலையமைப்பை மேம்படுத்தும் பணியின்போது அமைப்பு ஒன்றில் நேர்ந்த பிழையே காரணம். ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டனர். கடைகளில் வங்கி அட்டைகள் செயற்படவில்லை. 911 அழைப்புகளும் பாதிப்புற்றன. அதற்கு முந்திய ஆண்டு, 2021 அக்டோபர் 4ஆம் நாள், பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகியன ஏறத்தாழ ஆறு மணிநேரம் உலகெங்கும் நின்றன. அந்நிறுவனத்தின் பெயர்ப் பதிவேட்டுக் கணினிகளுக்குச் செல்லும் வழியே இணையத்திலிருந்து மறைந்துபோயிருந்தது.

வேறொரு வகையும் உண்டு; அது பழுது அன்று, தடை. 2018 மார்ச்சில் கண்டி வன்முறையின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னரும் இலங்கை அரசு சமூக ஊடகங்களையும் செய்திச் செயலிகளையும் பல நாட்கள் முடக்கியது. 2022 ஏப்ரல் 3ஆம் நாளும் முடக்கி, அன்றே நீக்கியது. அத்தகைய நாளில் ஊரிலுள்ள தாயின் வாட்ஸ்அப் பதில் தராவிட்டால், இங்குள்ளவர் தம் கணினியைக் குடைந்து பயனில்லை. அங்குள்ளவருக்கு என்ன நேர்ந்ததோ என்று கலங்கவும் தேவையில்லை. முதலில் செய்தியைப் பாருங்கள். பின்னர் சாதாரணத் தொலைபேசி அழைப்பை முயலுங்கள். உறவினரின் தொலைபேசி எண்களைச் செயலிக்குள் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைத்திருப்பவருக்கே அது இயலும்.

இவற்றிலிருந்து பெறும் பாடம்: வீட்டு இணையமும் வீட்டிலுள்ள எல்லாக் கைத்தொலைபேசிகளும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருத்தல் நன்றன்று. ஒரு தொலைபேசியாவது வேறு வலையமைப்பைச் சேர்ந்ததாக இருக்கட்டும்.

தானாக வரும் 'உதவி'

இப்போது பெற்றோர் சிறப்பாகக் கவனிக்கவேண்டிய பகுதிக்கு வருகின்றேன். "உங்கள் இணைய இணைப்பில் பழுது இருப்பதைக் கண்டோம், மைக்ரோசொஃப்ட் நிறுவனத்திலிருந்து பேசுகின்றோம்" என்று ஓர் அழைப்பு வரும். கணினியில் ஒரு சாளரத்தைத் திறக்கச் சொல்வார்கள். அதில் சிவப்பும் மஞ்சளுமாகப் பல எச்சரிக்கைகள் நிறைந்திருக்கும். அது கணினியின் நிகழ்வுப் பதிவேடு. நலமாக இயங்கும் கணினியிலும் அத்தகைய பதிவுகள் நிறைய இருக்கும். அதைக் காட்டி அச்சமூட்டி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றை நிறுவச் செய்து, பின்னர் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார்கள். இத்தகைய கும்பல்கள் மீது அமெரிக்க வர்த்தக ஆணையம் 2012ஆம் ஆண்டிலேயே ஆறு வழக்குகளைத் தொடுத்தது. ஆயினும் இவ்வழைப்புகள் இன்றும் நின்றபாடில்லை.

நினைவிற் கொள்ளுங்கள்: நீங்கள் அழைக்காமல் எந்த நிறுவனமும் உங்கள் கணினியின் பழுதைக் கண்டு உங்களை அழைக்காது. மைக்ரோசொஃப்ட்டின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருப்பதில்லை. அத்தகைய அழைப்பு வந்தால் மரியாதை பார்க்காது துண்டியுங்கள். ஏமாற்றப்பட்டுவிட்டால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். கணினியின் இணைப்பை உடனே துண்டித்து, வங்கிக்கும், கனடிய மோசடித் தடுப்பு மையத்துக்கும் அறிவியுங்கள்.

இவர்கள் ஏன் வெற்றி பெறுகின்றனர்? பழுது எங்கே என்று அறியாத வீட்டில், அறிந்தவர்போல் பேசும் எந்தக் குரலும் நம்பப்படுகின்றது. தன் மோடத்தின் விளக்கைப் பார்த்து "என் இணைப்பு நன்றாகத்தான் இருக்கின்றது" என்று சொல்லத் தெரிந்த தாயை ஏமாற்றுவது அரிது.

சேவை வழங்குநரிடம் பேசும்போது

பழுது ஐந்தாவது கண்ணியில் என்று கண்டால் சேவை வழங்குநரை அழையுங்கள். "இன்ரநெற் இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த நேரத்திலிருந்து இல்லை, எந்த விளக்கு எவ்வாறு உள்ளது, எத்தனை கருவிகளில் இல்லை, மறுதொடக்கம் செய்தாயிற்றா, ரவுட்டருக்குப் பிங் பதில் வந்ததா என்ற ஐந்தையும் சொல்லுங்கள். அழைத்த திகதியையும் அவர்கள் தரும் முறைப்பாட்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் முறையிட்டும் தீர்வு கிடைக்காவிடின், 2007இல் நிறுவப்பட்ட தொலைத்தொடர்பு-தொலைக்காட்சிச் சேவைகள் முறைப்பாட்டு ஆணையத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். ஆங்கிலம் சரளமாக வராது என்பதற்காகக் கிடைக்காத சேவைக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இன்றிரவு செய்யவேண்டியது

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோர் அழைத்தவுடன் விசைப்பலகையை அவர்களிடமிருந்து வாங்கி, ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். விசைப்பலகை அவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் அருகில் அமர்ந்து சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை அரை மணிநேரம் ஆகும், ஆகட்டும். அவர்கள் உங்களுக்கு அகரம் எழுதக் கற்பித்தபோது அதைவிட நீண்ட நேரம் ஆகியிருக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "எனக்கு இதெல்லாம் விளங்காது" என்று ஒதுங்காதீர்கள். மொழி தெரியாத நாட்டில் வந்திறங்கி, வேலை தேடி, வீடு வாங்கி, பிள்ளைகளை ஆளாக்கிய உங்களுக்கு ஏழு கண்ணிகள் பெரிதல்ல.

இன்றிரவு வீடு திரும்பியதும் இருவரும் சேர்ந்து ஒரு தாள் எழுதுங்கள், தமிழில். மோடத்தின் எந்த விளக்கு எவ்வாறு இருக்கவேண்டும். எதை முதலில் கழற்றி, எதை முதலில் செருகவேண்டும். சேவை வழங்குநரின் தொலைபேசி எண்ணும் உங்கள் கணக்கு எண்ணும். அவசரத்துக்கு அழைக்கவேண்டிய உறவினர் எண்கள். முன்பின் தெரியாதவர் அழைத்துக் கணினியைத் திறக்கச் சொன்னால் துண்டித்துவிடவேண்டும் என்ற ஒரு வரி. அதை மோடத்துக்கு மேலுள்ள சுவரில் ஒட்டுங்கள். கணினிக்குள் சேமித்து வைத்தால், இணைப்பும் கணினியும் இல்லாத வேளையில் அது உதவாது.

பின்வரிசை மேசைகளில் ரவுட்டர்களும் மடிக்கணினிகளும் வைக்கப்பட்டுள்ளன; அவற்றில் வேண்டுமென்றே சில பழுதுகளை ஏற்படுத்தி வைத்திருக்கின்றோம். குடும்பம் குடும்பமாக அமர்ந்து கண்டுபிடியுங்கள். விசைப்பலகையில் முதலில் கைவைப்பவர் பெற்றோராக இருக்கட்டும்.